இரவல் வாங்கிய சீசா

என் அப்பா சின்னசாமிக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெருவுக்கே தெரியும், கோலார் தங்கச் சுரங்கக் கம்பெனிக்கு மட்டும் தெரியாது. ராபர்ட்சன்பேட்டை டாக்டர் ஒருவர் 1993-லேயே சொல்லிவிட்டார். அப்பா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். சட்டை தோளில் தொங்கும். கேட்டால், "கீழ சூடு ஜாஸ்தி, அதான் வத்துது" என்பார். சுரங்கத்து ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். இளைத்தால் சூடு, இருமினால் தூசி, கால் மரத்துப்போனால் துளை போடும் மிஷினின் அதிர்வு. ரத்தத்தைப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றாது. எங்கள் தொழிலாளர் லைனில் அப்போதே வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருந்திருக்கும்.

அப்பாவின் பயமெல்லாம் 'அன்ஃபிட்' என்ற ஒரு சொல்தான். அப்படி எழுதிவிட்டால் மேலே வேலை போட்டுவிடுவார்கள், கீழே இறங்க முடியாது. பத்தொன்பது வயதில் கேஜில், அந்தச் சுரங்கக் கூண்டில், ஏறி இறங்கியவர். அந்த இருட்டும் வெக்கையும் மனுஷனுக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் பிடித்திருந்தது.

அடுத்த வருஷம் கம்பெனியின் மெடிக்கல் பரிசோதனை வந்தது. சந்தேகம் உள்ளவர்கள் நல்ல உடம்புக்காரரிடம் சிறுநீரை இரவல் வாங்கிக்கொண்டு போவது எங்கள் பக்கம் ரகசியமே இல்லை. அப்பாவுக்கு ராஜப்பா மாமா இருந்தார். இருவரும் இருபது வருஷம் ஒரே மிஷினைப் பிடித்தவர்கள். மாமாவுக்குத் தலைவலிகூட வந்து நாங்கள் பார்த்ததில்லை. விடியற்காலையில் எங்கள் வீட்டுக்கே வந்து சீசாவை நிரப்பிக் கொடுத்தார்.

"எடுத்துக்கினு போ மச்சான். இதப் பாத்துட்டு டாக்டரு உனக்கு ரெண்டாவது கல்யாணமே பண்ணி வைப்பாரு."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. சிறுநீரில் எக்கச்சக்கமாகச் சர்க்கரை. அதைப் பார்த்து ரத்தமும் எடுத்தார்கள், அதிலும் சர்க்கரை. அன்ஃபிட். என் அம்மா கிருஷ்ணம்மாதான் முதலில் புரிந்துகொண்டு தலையில் கை வைத்தாள். "ஐயோ, சீசாவுல இருந்தது ராஜப்பா அண்ணனோடதாச்சே!"

அப்பாவை மேலே, இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து வாங்கும் லேம்ப் ரூமில் போட்டார்கள். மாத்திரை, ராகிக் களி, நேரத்துக்குச் சாப்பாடு என்று உடம்பு தேறியது. மனசு மட்டும் கீழேயே கிடந்தது. ஷிப்ட் முடிந்து மாமா லேம்பைத் திருப்பிக் கொடுக்க வரும்போதே அப்பா ஆரம்பித்துவிடுவார். இன்னிக்கு எந்த லெவல், கல்லு எப்படி, தண்ணி ஊறுதா, யார் யார் வந்தாங்க? இருவரும் பேசிக்கொண்டே வீடுவரை நடந்து வருவார்கள். அம்மா பேச்சை ஒருநாளும் அவ்வளவு ஆசையாக அவர் கேட்டதில்லை.

மாமாவுக்கும் சர்க்கரை என்பதை அப்பா அவரிடம் சொல்லாமல் இல்லை. சொன்னார். "எனக்கா? உன் கை பட்டு இனிச்சிருக்கும் போ" என்று மாமா சிரித்தார். ஆனால் இரண்டு மாதம் கழித்து அவருடைய மெடிக்கல் வந்தபோது, அவருக்கும் ஒரு சீசா இரவலாக வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த சாம்சனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, என் அப்பாதான். எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன்.

"இன்னா நைனா, தெரிஞ்சும் நீயே இப்படிச் செய்யலாமா?"

"அவனாவது கீழ இருக்கட்டும்மா" என்றார். நானும் வெளியே சொல்லாமல் சும்மா இருந்தவள்தான்.

நாலு வருஷம் ஓடியது. ஒருநாள் மாமாவின் பூட்சுக்குள் கல் சில்லு ஒன்று புகுந்துவிட்டது. ஷிப்ட் முழுக்க அதன்மேலேயே நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. வீட்டில் பூட்சைக் கழற்றியபோது அவர் மனைவி தாயம்மா அத்தைதான் ரத்தத்தைப் பார்த்தாள். மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். பத்தே நாளில் பாதம் கறுத்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பா நாலு நாள் பார்க்கப் போகவில்லை. ஐந்தாம் நாள் நான்தான் பங்காருபேட்டையில் ரயிலேற்றி இழுத்துக்கொண்டு போனேன். வார்டில் அத்தை விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"நான் சத்தம் போட்டிருந்தா நீ மேல வந்திருப்ப. போடல. நீ மேல வந்துட்டா கீழ நடக்கிறத எனக்கு யாரு சொல்லுவா? அதுக்காகத்தான் உன்னை வுட்டுட்டேன், மச்சான்."

மாமா சிரிக்கப் பார்த்தார். "எனக்கு மட்டும் தெரியாதா? கால் எரிய ஆரம்பிச்சப்பவே தெரியும். லேம்ப் ரூம் ஜன்னல்ல நீ காத்துக்கினு நிப்ப. சேதி இல்லாம வெறுங்கையா எப்படி வர்றது? அதான் இறங்கிக்கினே இருந்தேன்."

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"கீழ இன்னா இருந்தா எனக்கு இன்னாடா? நீ கூட நடந்து வந்தியே, அதுக்குத்தாண்டா நான் காத்துக்கினு இருந்தேன்."