பத்தாவது அடுப்பு

எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று டிவியில் வாதாடினால், எங்கள் டீக்கடையிலும் ஆள்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். நான் வாய் திறப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பேச்சை யார் கேட்பார்கள்? ஆனால் அந்தச் சண்டையை ஏழு வயதிலேயே பார்த்தவன் நான்.

மலையில் கிளாவரைப் பக்கம் எங்கள் கீழூரில் ஒன்பது வீடுகள், மேலூரில் நாற்பது. இரண்டு ஊர்ப் பூண்டு வயலுக்கும் ஒரே ஓடைத் தண்ணீர். முறை வைக்கக் கமிட்டி போட்டபோது, ஊருக்குச் சமமாக ஆள் வேண்டும் என்றார் அப்பா.

“நாப்பது வீட்டுக்கும் ஒரு ஆளு, ஒம்பது வீட்டுக்கும் ஒரு ஆளா? நல்லாருக்குய்யா ஒங்க நாயம்!” என்றார் மேலூர்ப் பெரியவர்.

“தலைய எண்ணித்தான் தண்ணின்னா, எங்க பூண்டு காஞ்சு கெடக்கணுமாங்க?”

கடைசியில் பத்துத் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் என்று முடிவானது. எங்கள் பக்கம் தலைக்கட்டு என்றால் தனி அடுப்பு. எங்களுக்கு ஓர் அடுப்பு குறைந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். குழம்புக்கு உப்புகூட அம்மா சொன்ன அளவுதான் சித்தி போடுவார். அன்று மாலையே வீட்டை ஒட்டிய கொட்டகையில் மூன்று கல்லைக் கூட்டி, “நாலு நாளைக்குத்தாம்மா” என்று சித்தியைத் தனியே சமைக்கச் சொன்னார் அப்பா.

எண்ண வந்த மேலூர்ப் பெரியவர் புது அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, இன்னைக்கு எங்கடா சாப்ட்ட?”

அப்பா முகம் வெளிறியது. எனக்குப் பொய் வராது.

“ரெண்டு வீட்லயும். சித்தி வீட்டுக் கொழம்புதான் ருசி.”

பெரியவர் சிரித்தபடி பத்து என்று எழுதிக்கொண்டார். ஊரே என்னைத் தூக்கிக் கொண்டாடியது. அம்மா மட்டும், “அந்த ருசிக்கே போய்ச் சாப்புடு” என்று தட்டை எடுத்துவிட்டார்.

முதல் கூட்டத்துக்கு அப்பா சலவைத் துண்டோடு போனார். மேலூர்க் கைகள் நான்கு, அப்பா கை ஒன்று. தண்ணீர் எங்களுக்குக் கடைசியாகவே வந்தது.

“கை தூக்கித் தோளு வலிச்சதுதான் மிச்சம். அடுப்ப ஒண்ணாக்கிருவோம்” என்றார் திரும்பி வந்து.

சித்தி கதவோரம் நின்று, “அதெப்படிங்க? நாளைக்கே மறுபடி எண்ண வந்தா, இருக்குற ஒத்த ஆளும் போயிரும்ல?” என்றார்.

சித்தப்பா கூரையைப் பார்த்தார். அடுத்த மாதம் கொட்டகைக்குச் சுவர் எழும்பியது, கதவும் வந்தது.

ஊர் உரிமையில் சித்திக்கு இருந்த அக்கறை அப்பாவுக்குக்கூட இல்லையே என்று நான் வெகுகாலம் வருந்திக்கொண்டிருந்தேன்.