கேரவனில் கடைசியாக அணைந்த சீரியல் பல்பு

பிளவக்கல் அணைப் பக்கம், காருக்குப் பின்னால் இழுத்து வந்த என் நடமாடும் அரண்மனையில் இன்று மின்பஞ்சம்.

காலையிலிருந்து மேகம். சோலார் வேலை செய்யவில்லை. பேட்டரி சிவப்பு காட்டியது. அதில் நேராக ஓடும் குட்டி ஃபிரிட்ஜுக்குள் மனைவியின் இன்சுலின். எனக்கு வியர்த்ததில் அணை நிரம்பி மறுகால் பாய்ந்திருக்கும்!

ஃபேன், டிவி, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்தேன். ஆண்டாள் படத்தைச் சுற்றிய சீரியல் பல்பைத் தொட மட்டும் கை வரவில்லை. அது ஒன்றுக்காகவே இன்வெர்ட்டர் ஓடிப் பேட்டரியைக் குடித்தது.

"என்ன முழிக்கிறீக?"

"சாமி விளக்கை எப்படிடி அணைக்க?"

"எனக்குச் சுகருன்னு ஆண்டாளுக்குத் தெரியாதாக்கும்? தள்ளுங்க!" அவளே இன்வெர்ட்டரை அணைத்தாள்.

ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருக்கிறது. வெயிலை இன்னும் காணோம்.

போனில் உயிர் இருக்கும்போதே கேட்கிறேன்: வேறு எதை அணைக்கலாம், மக்களே? "உங்க வாயை" என்று அவள் சொல்லியாயிற்று.