ரோடு பார்க்காத சுவர்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு வீட்டுக்கு முன்பக்கம் எது என்பதைத் தீர்மானிப்பது வாசல் அல்ல, ரோடு. கம்பெனியின் பெரிய மனிதர்கள் ஒரு வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒருமுறை காரில் வருவார்கள். வரப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும், கட்டட வேலைக்காரர்கள் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். தெரியாத சுவர்களுக்கு அடிக்க மாட்டார்கள்.

எங்கள் லயம் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரே நீளச் சுவருக்குள் எட்டு வீடுகள். அடுப்படியும் குளியலறையும் கக்கூஸும் ரோட்டுப் பக்கம் இருந்ததால் அவை பளிச்சென்று இருக்கும். சாமி படம் மாட்டிய வாசல் பக்கம், பனியும் மழையும் பட்டு, கீழே பச்சைப் பாசியும் மேலே கறுப்புப் பூசணமுமாக நிற்கும். காரில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, “சுத்தமான வீடுகள்” என்று எஸ்டேட் மேனேஜர் துரையிடம் சொன்னாராம். அவர் பார்த்துச் சொன்னது எங்கள் கக்கூஸ் சுவரை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முப்பத்திரண்டு வயது. எஸ்டேட் பள்ளியில் ஆறாவது வரை படித்துவிட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தவன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். பெண் வீட்டார் வந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். செருப்புகளைத்தான் பார்ப்பேன். இரண்டு குடும்பங்கள் வந்து, தேநீர் குடித்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போனார்கள். கடிதம் வரவில்லை. என் வாய் திறக்காததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

“உனக்கு என்னடா குறை? எல்லாம் இந்தச் சுவராலதான்” என்றார்.

மூன்றாவது இடம் ரிங்லெட் டவுனுக்குக் கீழே இருந்த ஓர் எஸ்டேட். அந்தப் பெண்ணை நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். கோயில் திருவிழாவில் அன்னதானம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை வரிசையில் வந்த ஓர் ஆளைப் பார்த்து, “அண்ணே, மொதல்ல வாங்கினது செரிச்சிருச்சா?” என்று கேட்டாள். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். எனக்கும் அது இரண்டாம் முறைதான். சத்தமில்லாமல் வரிசையை விட்டு விலகிவிட்டேன். கட்டினால் இவளைக் கட்ட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். என் வீட்டில் பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

அவளுடைய அப்பா மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணியிடம் போனார்.

“ஐயா, வாசப்பக்கம் கொஞ்சம் வெள்ளை அடிச்சுக் குடுத்தா புண்ணியமா போகும்.”

“உங்க லயத்துக்கு முன்பக்கம்தான் போன வருஷமே அடிச்சாச்சே.”

“அது பின்பக்கங்கய்யா.”

“ரோட்டுல இருந்து பாத்தா அதாம்மா முன்பக்கம். வர்றவங்கள அந்தப் பக்கமா கூட்டிட்டு வா லா. காசும் மிச்சம்.”

வீடு பார்க்க வருகிறவர்களைக் கோழிக்கூண்டு வழியாக அழைத்து வருவதா? அம்மா டவுனுக்குப் போய் ஒரு சீனப் பெயிண்டரைக் கூட்டி வந்தார். அவர் சுவரை விரலால் தட்டினார், நகத்தால் சுரண்டினார், பிறகு யாருடைய வீடு என்று மலாயில் கேட்டார். கம்பெனி வீடு என்றேன். யார் காசு கொடுப்பது என்றார். நாங்கள் என்றேன். “கீலா” என்று சொல்லிச் சிரித்தார். பைத்தியம் என்று அர்த்தம். சிரித்து முடித்துவிட்டு, பாசி சுரண்டுவது, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவது, நன்றாகக் காய விடுவது, அடிச்சாயம் ஒரு தடவை, மேல்சாயம் இரண்டு தடவை என்று அடுக்கி, முந்நூற்று இருபது வெள்ளி சொன்னார். என் ஒரு மாதச் சம்பளம் அதில் முக்கால்வாசிகூட இருக்காது.

அம்மா அந்தப் பட்டியலைத் தன் வழியில் குறைத்தார். கழுவுவது வேண்டாம். அடிச்சாயம் வேண்டாம். “மேல தெரியாததுக்கு எதுக்குடா காசு?” முப்பது வருஷம் கம்பெனியில் கொழுந்து பறித்தவர். கம்பெனியின் புத்தி கொஞ்சமாவது ஒட்டாமல் இருக்குமா?

பெயிண்டர் வேண்டாம், நாங்களே அடிப்பது என்று முடிவானது. யாரோ சொல்லி வைத்துவிட்டு வாங்காமல் போன சாயத்தைக் கடைக்காரர் விலை குறைத்துத் தந்தார். ரோஸ் நிறம். டின்கள், பிரஷ், ஏணி வாடகை எல்லாம் சேர்த்து நூற்றுத் தொண்ணூறு வெள்ளி. நான் தபால் நிலையத்தில் போட்டு வைத்திருந்தது அதைவிடச் சற்றுத்தான் அதிகம்.

லயத்து வீட்டுக்குச் சாயம் அடிப்பதில் ஒரு தொல்லை உண்டு. எட்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நம் சுவர் எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இடது பக்கத்து வீட்டு அக்கா வந்து, “பாதியில நிறுத்தினா என் வீடு மொட்டையா தெரியும். என் கதவு வரைக்கும் இழுத்து விடு தம்பி” என்றார். இழுத்துவிட்டேன். ஒரு டின்னில் கால்வாசி அங்கே போனது. வலது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “என் பக்கம் ஒரு சொட்டு வந்துச்சு, பாத்துக்க” என்று காவல் காத்தார். அவர் சுவரையும் பாசிதான் மூடியிருந்தது. இருந்தாலும் அது அவருடைய பாசி.

அந்த மாதம் முழுக்க மழை. வெயில் அரை மணி நேரம் எட்டிப் பார்க்கும், நான் ஏணியில் ஏறுவேன், பனி இறங்கிவிடும். ஈரச் சுவர்மேல் ஈரச் சாயத்தை அடித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. நீளமான அழுக்குச் சுவரில் எங்கள் வீடு மட்டும் புண்ணுக்கு ஒட்டிய பிளாஸ்டர் மாதிரி தெரிந்தது. அம்மா தள்ளி நின்று பார்த்து, “பங்களா மாதிரி இருக்கு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர் நல்ல உயரம், நரைத்த மீசை. உள்ளே வராமல் சுவரைப் பார்த்தபடி நின்றார். சாயம் அங்கங்கே கொப்புளமாக உப்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தினார். தண்ணீர் பீய்ச்சியடித்தது. நான் வழக்கம்போல அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய கிராணி ஒரு தாளோடு வந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

“அனுமதி இல்லாம கம்பெனி சொத்துக்குச் சாயம் அடிச்சது குத்தம். ஒரு வாரத்துல சுவர பழைய நிலைமைக்குக் கொண்டாரணும். துரையோட உத்தரவு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தது பெண்ணின் அப்பா.

“பழைய நிலைமைன்னா என்னங்க கிராணியாரே? அந்தா, பக்கத்துல இருக்கே, அந்தப் பாசியா?”

“அது... உத்தரவுல அப்படித்தான் இருக்கு.”

“பாசி ஸ்டோருல கிடைக்குமா, டவுன்ல வாங்கணுமா? விலையச் சொல்லுங்க, பையன் வாங்கி ஒட்டிருவான்.”

இடது பக்கத்து அக்கா முதலில் சிரித்தார். பிறகு லயமே சிரித்தது. கிராணி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மழை வருகிறது என்று சொல்லிப் போனார். மழை வரவில்லை. எனக்கு நெஞ்சு லேசானது. இப்படிப்பட்ட மாமனாரும் இப்படிப்பட்ட மகளும் வந்தால், நான் வாழ்நாள் முழுக்கப் பேசாமலே இருந்துவிடலாம்.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். தேநீரைக் கையில் வாங்கியதும் கேட்டார். “எவ்வளவு ஆச்சு தம்பி?”

சொன்னேன்.

“சொந்தக் காசா?”

தலையாட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. மகனிடம் பேசுவதுபோல் சொன்னார். “நான் நாப்பது வருஷமா கம்பெனி வீட்டுல இருக்கேன். என்னிக்கு வேலைய விட்டு நிறுத்துறானோ அன்னிக்கு சட்டிபானையைத் தூக்கிட்டுக் கிளம்பணும். எம் பொண்ணுக்கும் அதே கதி வேணாம்னுதான் இடம் தேடுறேன். அந்தக் காச நீ சேத்து வச்சிருந்தா, பின்னால ஒரு துண்டு நிலத்துக்கு ஆகும்னு நினைச்சிருப்பேன். அவன் சுவத்துல கொண்டு போய் ஊத்திட்டியே தம்பி.”

உங்களுக்குக் காட்டத்தானே ஊற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் பெண்ணுக்காகத்தான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவர் தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, என் தோளைத் தட்டி, எழுந்து போனார். கடிதம் போடுகிறேன் என்று பொய் சொல்லவில்லை. அதில் அவர் மற்றவர்களைவிட மேல்.

“நீலமா அடிச்சிருக்கணும்டா” என்றார் அம்மா.

மறு வருஷம் அவளை ஒரு லோரி டிரைவருக்குக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கம்போங் ராஜா பக்கம் அவனுக்குச் சொந்தத்தில் ஒரு பலகை வீடு இருந்தது. ஒருமுறை அந்த வழியாக பஸ்ஸில் போனபோது பார்த்தேன். வெயிலுக்கும் மழைக்கும் பலகை சாம்பல் நிறமாகியிருந்தது. எந்தப் பக்கத்திலும் ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. அவள் வாசலில் நின்று, முட்டைக்கோஸ் மூட்டைகளோடு நின்ற யாரோ ஒரு லோரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பஸ் வளைவு திரும்புவதற்குள் நான் அந்த வீட்டைக் கண்ணாலேயே ஒரு சுற்று அளந்துவிட்டேன். நான்கு பக்கமும் சேர்த்து அடித்தால் எட்டு டின் பிடிக்கும்.