ஏரிக்கரைக்கு வந்த காட்டெருமை

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி மூணு மாசம். கோவில்பட்டிப் பக்கமிருந்து புனேக்கு வந்து, தேஹு ரோடு என்கிற இடத்தில் குடித்தனம். அவருக்கு அங்கே ராணுவக் கிடங்கில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். கடையில் இந்தி, பக்கத்து வீட்டில் மராத்தி. நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். தனியாக உட்கார்ந்து அழுது அழுது அலுத்துப்போய், இனி நம்மால் முடியாது, அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட முடிவு பண்ணினேன்.

அதைச் சொல்வதற்குள், "ரெண்டு நாள் லீவு போட்டுட்டேன். காட்டுக்குள்ள ஏரிக்கரையில டென்ட் அடிச்சுத் தங்கப் போறோம்!" என்று குதித்துக்கொண்டு வந்தார். ஊர் உலகத்தில் பெண்டாட்டியை மகாபலேஷ்வர் மாதிரி குளுகுளு மலைக்குக் கூட்டிப் போவார்கள். எனக்கு வாய்த்தது இப்படி!

பஸ், ஜீப் என்று மாறி மாறி ஒரு தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். சும்மா சொல்லக் கூடாது, ஏரி அவ்வளவு அழகு. சுற்றிலும் மலை, ஆள் அரவமே இல்லை. கூப்பிடு தூரத்தில் வனக்காவலரின் குடிசை மட்டும். காலையில் காட்டெருமை தண்ணீர் குடிக்க வரும், பார்த்தால் கத்தாதீர்கள், ஓடாதீர்கள் என்று அந்தக் காவலர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதிலெல்லாம் மனசு போகவில்லை. விடிந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

விடிந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பல் தேய்த்து, முகம் கழுவித் திரும்பினால், ஐயோ! எனக்கும் டென்ட்டுக்கும் நடுவில் காட்டெருமை. கறுகறுவென்று, ஆளுயரத்துக்கு. உள்ளே அவர் குறட்டை விடுகிற சத்தம் கேட்கிறது. எழுந்தால் சும்மா எழ மாட்டார், ஊரையே கூட்டுகிற மாதிரி கொட்டாவி விடுவார். அது மிரண்டால் டென்ட்டோடு சேர்த்து மிதித்துவிடுமே!

என் வலது பக்கம் காவலர் குடிசைக்குப் போகிற பாதை. நைசாக நழுவியிருக்கலாம். காலே நகரவில்லை. அந்த மனுஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அது டென்ட்டை முகர்ந்து பார்க்கப் போனது. என்ன தோன்றியதோ, அம்மா வீட்டு எருமையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேச ஆரம்பித்தேன். "ஏ தாயி, அங்க ஒண்ணுமில்ல. உள்ள ஒரு அப்பாவி மனுஷன் தூங்குதாரு. போயிரு தாயி, நல்லாயிருப்ப." அது காதை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. அப்புறம் ஆற அமரத் திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது. அந்த மூணு மாசத்தில் என் தமிழைச் சிரிக்காமல் கேட்டது அது ஒண்ணுதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்து, "யார்கிட்ட பேசிட்டிருந்தே?" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். குளம்புத் தடத்தைக் காட்டியதும் அவர் முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தவர் ரொம்ப நேரம் விடவில்லை. "நீயாவது ஓடியிருக்கலாமேம்மா" என்றார். அன்றைக்கு உப்புமாவை அவர்தான் கிண்டினார். அடிப்பிடித்த அந்த உப்புமாவைச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம்.

இன்றும் புனேயில்தான் இருக்கிறோம். சண்டை வராமல் இல்லை. ஆனாலும், ஊருக்கே ஓடிவிடத் துடித்தவளுக்கு அந்தக் காலையில் பத்தடி நகர மனசு வரவில்லையே, என் வீடு எது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.