நிப்பாட்டாத காரில் ஊர் பார்த்தது

எனக்கு வாய் கொஞ்சம் கூட. எங்கள் ஊரில் அதை ஆரும் ஒளித்துச் சொல்வதில்லை, முகத்துக்கு நேரேதான் சொல்வார்கள். கோப்பாயில் நான் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில், காற்றடிக்க வந்தவர்கள் காற்றை மறந்து கதை கேட்டுவிட்டுப் போனதும் உண்டு, கதைக்குப் பயந்து அடுத்த கடைக்கு உருட்டிக்கொண்டு போனதும் உண்டு. பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றுவிட்டது. மிச்சப் படிப்பு முழுக்க மற்ற ஆட்கள் சொன்னதைக் காதில் வாங்கிப் படித்ததுதான்.

அந்த வாயைத் தேடித்தான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கடைக்கு வந்தா. தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கம் அது. சண்டை நின்று பேச்சு நடந்துகொண்டிருந்த மாதங்கள். வெளியூர்ச் சனம் கிளாலிக் கடலால் வள்ளத்தில் ஏறி வந்து போகத் தொடங்கியிருந்தது.

அக்காவுக்கு ஒரே மகள். நேசரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். முப்பது நெருங்குகிறது. மூன்று மாப்பிள்ளைப் பகுதி வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மூன்று தரமும் அவள் சேலை உடுத்து, தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மூன்று தரமும் பதில் வரவில்லை. பெண் வீட்டுக்கு வராத பதில் ஊருக்கு மட்டும் எப்படியோ அடுத்த நாளே வந்துவிடும். கடைசித் தரம் போனதும் அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தாயிடம் சொன்னாளாம்: "இனி இந்த வீட்டிலை நான் தட்டுப் பிடிக்கமாட்டன். ஆரும் பாக்கிறதெண்டால் எனக்குத் தெரியாமல் பாத்திட்டுப் போகட்டும். பிடிச்சால் வந்து சொல்லட்டும். பிடிக்காட்டி வந்ததே எனக்குத் தெரியவேண்டாம். இதுவும் கடைசித் தரம்."

எங்கள் பக்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. கோயிலில் வைத்துப் பார்ப்பது. பெண் வழக்கம்போலக் கும்பிட வருவாள், மாப்பிள்ளைப் பகுதி தற்செயலாக வந்ததுபோல அங்கே நிற்கும். ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. கதைத்துவிட்டால் அது பார்த்ததாகிவிடும், பிறகு வேண்டாமென்றால் வெட்கக்கேடு. கதைக்காவிட்டால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட வந்த ஆட்கள்தான்.

"தம்பி, இப்ப ஒரு பகுதி கேட்டிருக்கு. பெடியன்ரை தாய் மட்டக்களப்பாலை வந்து நீர்வேலியிலை சொந்தக்காரர் வீட்டிலை நிக்கிறா," என்றா அக்கா. "யாழ்ப்பாணம் பாத்ததே இல்லையாம். வெள்ளிக்கிழமை கார் பிடிச்சு ஊர் பாக்கிற மாதிரிக் கூட்டிக்கொண்டு போய், பின்னேரப் பூசைக்கு நல்லூரிலை விடு. நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிப்பன். நீ அவவுக்கு அலுக்காமல் கதைச்சுக்கொண்டு போ."

"அதுக்குக் கார்க்காரன் காணாதோ, அக்கா?"

"அந்தாள் வாய் திறந்து ஆர் கண்டது?"

கோயிலில் பெண்ணைச் சுட்டிக் காட்டவும் கூடாது. நான் தொண்டையைச் செரும வேண்டும், அதுதான் அடையாளம். எனக்கு அன்று கிடைத்த வேலையில் கதைக்காமல் செய்யவேண்டியது அது ஒன்றுதான்.

அப்போது காரெல்லாம் ஓடியது மண்ணெண்ணெயில். ஸ்ரார்ட் பண்ண மட்டும் நாலைந்து துளி பெற்றோல் வேண்டும், அதுவும் கண்ணில் காணக் கிடைக்காத சாமான். றைவர் அண்ணை ஒரு சேலைன் போத்திலில் கொஞ்சம் வைத்திருந்தார். கோயில் தீர்த்தம் தருகிற ஐயர்கூட அப்படிக் கஞ்சத்தனமாய் விடமாட்டார். ஒருக்கால் ஓடத் தொடங்கினால் அவர் இஞ்சினை நிப்பாட்டமாட்டார். பயணி இறங்கிப் பார்க்கலாம், கார் புகைத்துக்கொண்டு நிற்கும், அவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்காமல் இருப்பார்.

நீர்வேலியில் அந்த அம்மா ஏறினா. கட்டையான, உருண்ட மனுசி, கையில் ஒரு பை, கண்ணில் நல்ல குறும்பு. "நீயா மனே எனக்கு ஊர் காட்டப் போறாய்? காட்டு பாப்பம்," என்றா. நான் தொடங்கினேன். வாழைத்தோட்டம், கிணறு, ஆரின் வீட்டு மதில் ஆரின் காணிக்குள் வந்து வழக்கானது, எல்லாம் வந்தது. அவ ஒவ்வொன்றுக்கும் "மறுகா?" என்று கேட்டா. பிறகு என்ன நடந்தது என்பதற்கு அவர்கள் பக்கத்துச் சொல். கதை சொல்கிறவனுக்கு அதைவிட இனிப்பான சொல் தமிழில் இருக்குமோ தெரியாது.

கோப்பாயில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. றைவர் அண்ணை பிரேக் அடித்தார், இஞ்சின் இருமிவிட்டு நின்றது. அவர் சேலைன் போத்திலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் கொஞ்சம் கிடந்தது. "இது ஆபத்துக்கு," என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார். அதாவது நான் இறங்கித் தள்ள வேண்டும்.

தள்ளிக்கொண்டிருக்கும்போது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. பார்த்தால், அக்காவின் மகள். நேசரிக்குப் போகிறாள். சாயம் போன சட்டை, பிள்ளைகளுக்குக் கடதாசி ஒட்டக் கிண்டிய மாப்பசை முழங்கை வரைக்கும், கூடைக்குள் பசைச் சட்டி.

"என்னண்ணை, சைக்கிள் திருத்தி அலுத்துப்போய்க் காருக்கு மாறியிட்டியளோ?"

"நேரம் போகுது, நீ போ பிள்ளை," என்றேன். பின்னேரம் சேலை உடுத்துப் பூ வைத்துக் காணவேண்டிய பிள்ளை இப்படியோ காணப்படவேண்டும்?

"சின்னனுகள் என்னை விட்டிட்டு அஆ படிக்காதுகள். தள்ளுங்கோ. கதைக்கேக்கை இருக்கிற பலம் இப்ப எங்கை போட்டுது?" சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து தோளைக் குடுத்தாள்.

உள்ளே இருந்த அம்மா கதவைத் திறந்து காலை வெளியே வைத்தா.

"நீங்கள் இறங்காதேங்கோ அம்மா," என்றாள் இவள். "இது பிடிச்சால் நிண்டு ஏத்தாது. உங்களை விட்டிட்டு ஓடியிடும். பிறகு எங்கடை வீட்டைதான் நீங்கள் வரவேணும்."

இஞ்சின் பிடித்தது. நான் ஓடிப்போய்த் தொற்றி ஏறினேன். அவள் புகைக்குள் நின்று பசைக் கையால் முகத்துக்கு முன்னால் விசிறுவது கண்ணாடியில் தெரிந்தது.

"ஆரு மனே அந்தப் புள்ள?"

"ஆரோ... ரோட்டாலை போற பிள்ளை அம்மா."

"மறுகா?"

"மறுகா ஒண்டும் இல்லை," என்றேன்.

யாழ்ப்பாணம் நல்லாய்த்தான் இருந்தது அன்று. மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டினேன். எரித்துவிட்டதால் கூரை இல்லாமல் நின்ற நூல்நிலையத்தைக் காட்டினேன். அதற்குள் நான் ஒரு நாளும் படிக்கப் போனவன் இல்லை, படிக்க வந்த பெடியளுக்கு ரியூப் ஒட்டிக் குடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவ கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "படிச்ச ஆக்கள் இருக்காங்கதானே மனே," என்றா. முஸ்லிம் ஆட்கள் இருந்த தெருவால் கார் போனபோது நான் பேசவில்லை. கதவெல்லாம் பூட்டு, சில வீட்டில் கதவே இல்லை. அவவின் ஊரில் அடுத்த வளவில் முஸ்லிம் சனம்தான், காணாமல் விடுவாவா? எங்கே இந்த ஆட்கள் என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முந்தி றைவர் அண்ணை சொன்னார்: "தொண்ணூறிலை இயக்கப் பெடியள் எல்லாரையும் போகச் சொல்லிப்போட்டாங்கள் அம்மா. என்ரை கலியாண வேட்டியும் அந்தக் கடையிலைதான் எடுத்தது." அந்த மூலைக் கடையை அவர் பார்க்காமலே கையால் காட்டினார்.

பண்ணைக் கடற்கரையில் அவ இறங்கினா. இறங்கினவ ஏறுவதாய் இல்லை. இடுப்பளவு தண்ணியில் வலை இழுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"எங்கட கடல் அடிக்கும் மனே, இரவெல்லாம் சத்தம் கேக்கும். இது என்ன, குளத்துக்கு உப்புப் போட்டு வச்சமாதிரிக் கிடக்கு?"

இன்றைக்கும் ஆரும் எங்கள் கடலைப் பற்றிக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், என் சொல் போல.

கச்சான் கடலை வாங்கித் தின்றா. எனக்கும் தந்தா. வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. கார் புகைத்துக்கொண்டு நின்றது. நல்லூரில் எது பிந்தினாலும் பூசை மணி பிந்தாது.

"அம்மா, வெளிக்கிடுவம். பிள்ளை வந்து நிக்கும். நாங்கள் பிந்திப் போனால் கண்ணிலை காணாமல் போயிடுவள், நாளைக்கு நீங்களும் வள்ளம் ஏறியிடுவியள்."

"நான் காலையிலயே கண்டிட்டன் மனே."

"எதை?"

"வாற வழியில கிணத்துக்கும் ஒரு கதை சொன்னாய், மதிலுக்கும் ஒரு கதை சொன்னாய், செத்துப்போன மாட்டுக்கும் ஒரு கதை சொன்னாய். காரைத் தள்ளின புள்ளைக்கு மட்டும் உனக்கிட்ட ஒண்டும் இல்லாமப் போச்சு. உன்ர வாய் மூடின இடத்திலதான் விசயம் இருக்கு எண்டு எனக்கு விளங்கிட்டு."

காருக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பவும் இஞ்சின் நிற்கப்போகிறதாக்கும் என்று பார்த்தேன். றைவர் அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது நேசரிக்குப் போற கோலம், அம்மா," என்றேன். "வடிவாய் உடுத்தால் அவள்..."

"வடிவா உடுத்த புள்ளையள எங்கட ஊரிலயும் கண்டிருக்கன். அது கிடக்கட்டும். எனக்கு அவளோட கதைக்கணும்."

இதற்காகத்தானே இவ்வளவும். கதைத்துவிட்டு நாளைக்கு வேண்டாமென்றால், நாலாம் தரமும் அவளுக்குத் தெரிந்துவிடும். அதை அவவுக்கு நேரேயே சொன்னேன். "கதைச்சால் பிறகு பின்வாங்க ஏலாது, அம்மா. அந்தப் பிள்ளை இனித் தாங்காது."

அவ கச்சான் கோதைத் தட்டிவிட்டுச் சொன்னா: "என்னப் பாக்க வந்த அண்டைக்கு நான் குனிஞ்சுகொண்டு நிண்டன் மனே. வந்தவங்கட கால மட்டுந்தான் கண்டன். காலப் பாத்து நான் கலியாணம் முடிச்சன். நல்ல மனுசன்தான், அது என்ட அதிட்டம். இவள் என்ட முகத்தப் பாக்கட்டும். பின்வாங்கிறதெண்டா அவள் வாங்கட்டும்."

நல்லூருக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. அக்கா மட்டும் விடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிவீதியைச் சுற்றிக்கொண்டிருந்தா. எத்தனையாவது சுற்றோ தெரியாது. எங்களைக் கண்டதும் அப்படியே நின்றா. நான் பேசிவைத்தபடி தொண்டையைச் செருமினேன். ஆரும் கவனிக்கவில்லை.

அம்மா நேரே அவளிடம் போனா. அக்கா மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தா. மகள் ஒருக்கால் அந்த அம்மாவைப் பார்த்தாள், ஒருக்கால் புகைத்துக்கொண்டு நின்ற காரைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"அதுதான் அம்மாவுக்கு இண்டைக்கு இவ்வளவு பக்தி," என்றாள்.

"என்னத் தெரியுதா புள்ள?"

"தெரியாமல்? காலமை காரோடை சேத்து உங்களையும் எல்லோ தள்ளினனான்."

அம்மா சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் எழும்பின. இரண்டு பேரும் மணலில் இருந்தார்கள். அக்காவும் நானும் பத்தடி தள்ளி நின்றோம். என் வாழ்க்கையில் நான் வாயைப் பொத்திக்கொண்டு மற்றவர் கதைப்பதைக் கேட்ட நீளமான நேரம் அதுதான். எல்லாம் காதில் விழவில்லை. பையிலிருந்து பெடியனின் படம் வெளியே வந்தது. அவள் தலையைக் குனியாமல் படத்தை நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள்.

"கனக்கக் கதைப்பாரோ?"

"கேட்டாத்தான் கதைப்பான்."

"கார் தள்ளுவாரோ?"

"பழக்கிப்போட்டு அனுப்பிறன்."

அப்போது பின்னால் ஏதோ குறைந்ததுபோல இருந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் சென்றது. இஞ்சின் சத்தம் இல்லை. றைவர் அண்ணை நிப்பாட்டிவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"என்னண்ணை, நிண்டிட்டுதோ?"

"நான்தான் நிப்பாட்டினனான்," என்றார். "கதைக்கட்டும்."

அவர்கள் கதைத்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் எழும்பி வந்தார்கள். றைவர் அண்ணை போத்திலில் கிடந்த கடைசித் துளியையும் விட்டுப் பார்த்தார், இஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. நான் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போனேன். அக்காவின் மகள், இந்தமுறை நல்ல சேலையோடு, ஒரு பக்கம் தோளைக் குடுத்தாள். மற்றப் பக்கத்தில் அந்த அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றா.

"நீங்கள் ஏறி இருங்கோ அம்மா. இது பிடிச்சால் விட்டிட்டு ஓடியிடும்."

"ஓடட்டும். உங்கட வீட்டதானே மறுகா நான் வரணும் எண்டு சொன்னாய்?"

அவள் தோளை இன்னும் அழுத்திக் குடுத்துத் தள்ளினாள்.

"வாங்கோ," என்றாள் பிறகு. "தேத்தண்ணி கையிலைதான் தருவன். தட்டு இல்லை."