சிஞ்ஞோரா வெளியில் இருக்கட்டும்

குற்றவழக்கு என்று வந்தால் எப்படி வக்கீல் பிடிப்பது என்று எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இப்போதும் எனக்குப் போன் போடுகிறார்கள். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமாப் பக்கம், ஒரு வக்கீல் அலுவலகத்தில் பென்சன் எடுக்கும்வரை மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். கேட்கிற எல்லோருக்கும் யூட்டின் கதையைத்தான் சொல்வேன்.

யூட் மன்னார் ஆள். சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற வசதியான ஓர் இத்தாலியப் பெண்மணி வீட்டில் சமையல், துப்புரவு, கார் ஓட்டம் எல்லாம் அவன்தான். ஆனால் அவனிடம் போய் அவரை முதலாளி என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். அவனுடைய மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர் அந்தச் சிஞ்ஞோரா. யூட் அவரை அம்மா என்றே கூப்பிடுவான்.

அந்த அம்மாவின் மகன் சீசா என்ற பகுதியில் ஒரு துப்புரவுக் கொம்பனி நடத்தினான். சும்மா ஒரு கையெழுத்து என்று சொல்லி யூட்டைக் கொம்பனிக்கு நிர்வாகியாக்கி வைத்திருந்தான். இப்படிப் பெயருக்கு இருக்கிற ஆளை இத்தாலியர் ‘மரத்தலை’ என்பார்கள். கொம்பனி முறிந்தது. அதற்கு முன்பே வாகனங்களும் மெஷின்களும் மாயமாகியிருந்தன. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றிய மோசடி என்று விசாரணை தொடங்கி, அழைப்பு வந்தது மகனுக்கு மட்டுமல்ல, யூட்டுக்கும்தான். குற்றம் உறுதியானால் மறியல், சிறைதான். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவும் கைவிட்டுப் போகலாம்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவன் மனைவி றஞ்சினி என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, சிஞ்ஞோராவின்ரை மருமோன் வக்கீல்தான் இவருக்கும் கதைக்கப்போறாராம். காசும் வேண்டாமாம். எனக்கெண்டால் இது சரியாப் படேல்லை.”

“செவ்வாய்க்கிழமை எங்கடை அலுவலகத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு வாரும்,” என்றேன்.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தால் யூட், றஞ்சினி, அவர்களுக்குப் பின்னால் முத்துமாலையும் கைப்பையுமாகச் சிஞ்ஞோரா! எனக்கு விசர் பிடிக்காத குறை.

“யாரைத் தம்பி கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்?” என்று மெல்லக் கேட்டேன்.

“அம்மாவுக்குச் சொல்லாமல் எப்பிடியக்கா வாறது? அது மரியாதை இல்லையே.”

அவனை மட்டும் ஏசி என்ன? குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று எங்கே போனாலும் நாங்கள் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழகிய ஆட்கள். அவர் வாய் திறந்தால் அலுவல் நடக்கும். நாங்கள் பக்கத்தில் நின்று சிரிப்போம். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நின்றேன்.

எங்கள் வக்கீல் ஒரு பெண், சுருக்கமாகப் பேசுகிறவர். யூட்டிடம் கேட்ட முதல் இரண்டு கேள்விகளுக்கும் சிஞ்ஞோராதான் பதில் சொன்னார். வக்கீல் எழுந்து கதவைத் திறந்தார். “யூட்டும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும் இருக்கட்டும்.”

“நான் இவன் பிள்ளையின் ஞானத்தாய்!” என்றார் சிஞ்ஞோரா.

“நல்லது. வெளியே உட்கார வாங்கு போட்டிருக்கிறது.”

றஞ்சினியையும் வெளியே விட்டுத்தான் கதவைச் சாத்தினார். யூட் என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, அம்மாவை வெளியிலை இருத்திப்போட்டு நான் என்னெண்டு கதைக்கிறது?”

நான் அதை அப்படியே இத்தாலியனில் சொன்னேன். மொழிபெயர்ப்பவர் தன் சொல்லைச் சேர்க்கக் கூடாது. எனக்கோ வாய் நீளம். அன்று நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

“விசாரணையில் என்ன சொல்லச் சொன்னார் அந்த மருமகன் வக்கீல்?” என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

“எல்லாம் நான்தான் செய்தனான் எண்டு சொல்லட்டாம். முதல் தரம் எண்டபடியால் பெரிசா ஒண்டும் செய்யமாட்டினமாம். மிச்சத்தைத் தாங்கள் பாக்கினமாம்.”

“மகனுக்கும் அவர்தான் வக்கீலா?”

“ஓம். வீட்டு ஆள்தானே.”

வக்கீல் பேனாவை மேசையில் வைத்தார். “மகன் செய்தான் என்ற உண்மை உங்களைக் காப்பாற்றும், அவனை மாட்டிவிடும். இருவருக்கும் ஒரே வக்கீல் என்றால் அவர் யாரைக் காப்பாற்றுவார்?”

வக்கீல் இன்னொன்று கேட்டார்.

“சிஞ்ஞோரா தன் மகனோடு அந்த வக்கீலிடம் போனபோது, உங்களையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாரா?”

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அவன் என்னைத்தான் பார்த்தான்.

“இல்லையக்கா. நான் கீழை காரைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அவனே பேனாவை எடுத்தான். எங்கள் வக்கீலைத் தன் வக்கீலாக நியமிக்கும் கடதாசியில் கையெழுத்துப் போட்டான். இம்முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் போட்டான். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

வெளியே போய்ச் சிஞ்ஞோராவிடம் அவனே சொன்னான். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

“யூட், எனக்கு இருக்கிறது ஒரு மகன்தான்.”

நான் குறுக்கே போக முதல் அவன் தன் உடைந்த இத்தாலியனிலேயே பதில் சொன்னான்: “என்ரை பிள்ளைக்கும் ஒரு தகப்பன்தான், அம்மா.”

சிஞ்ஞோரா தனியாகப் படி இறங்கிப் போனார். யூட்டுக்கு வேலை போயிற்று. றஞ்சினி இரண்டு வீடு கூடப் பிடித்து வேலை செய்தாள். முதல் விசாரணையில் வக்கீல் சொன்னபடி அவன் வாயே திறக்கவில்லை. அது அவனுடைய உரிமை. வக்கீல் வழக்குக் கடதாசி எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னான். கொம்பனியில் வேலை செய்தவர்களும் இந்த ஆளை அங்கே கண்டதே இல்லை என்றார்கள். இழுபட்டு இழுபட்டு, கடைசியில் அவன் மேலிருந்த வழக்கு மூடப்பட்டது. இப்போது கால்சாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினி முழுக்க அவன் பொறுப்பு. கோயிலில் மகளின் முதல் நன்மைப் பூசைக்குச் சிஞ்ஞோராவைக் கூப்பிட்டான். அவரும் வந்து கடைசி வாங்கில் இருந்தார். இவன் போய் முன்னுக்குக் கூட்டி வந்தான். அந்த மனம் எனக்கு வராது.

ஆகவே பிள்ளைகளே, வக்கீல் கெட்டிக்காரரா என்று பிறகு கேளுங்கள். இந்த வழக்கில் வேறு யாருக்காகப் பேசுகிறீர்கள், உங்களுக்குக் காசு கட்டுவது யார் என்று முதலில் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

நான் பென்சன் எடுக்கப்போகிற நாட்களில் யூட் திரும்பவும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். அவனோடு குசினியில் வேலை செய்கிற ஒருவரும் வந்தார். முதலாளிக்காக எதிலோ கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஆள். உள்ளே வரச் சொன்னேன். அந்த மனிதர் யூட்டின் கையை இறுக்கிப் பிடித்தார்.

“நீயும் வா மச்சான்.”

யூட் கையை மெல்ல எடுத்துவிட்டு வெளியே வாங்கில் இருந்தான்.

“நீ போய்க் கதை. எனக்கு இஞ்சைதான் இடம்.”