மாதா கொட்டகைக் கதவு ஓடுமா, ஓடாதா

ஒரு கதவைப் பார்த்தால் அது ஓடுமா ஓடாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். பெருமைதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு சங்கதிகள் குறைவு. உள்ளதை எதற்கு ஒளிக்க வேண்டும்?

அருப்புக்கோட்டையில், திருச்சுழி போகிற ரோட்டில் எங்கள் பட்டறை இருந்தது. இரும்புக் கேட்டு, ஜன்னல் கம்பி, பீரோ, ஆட்டுக்கிடைக்குத் தடுப்பு, எது கேட்டாலும் செய்வோம். வெல்டிங் வைப்பது என் வீட்டுக்காரர். இரும்புப் பட்டையை அசையாமல் பிடிப்பதும் ரெட் ஆக்சைடு பெயிண்டு அடிப்பதும் நான்.

எண்பதுகளில் ஒரு நாள் நரிக்குடிப் பக்கமிருந்து ஒரு சம்சாரி வந்து, தன் தோட்டத்துக்கு மடக்கி வைக்கிற மாதிரி ஒரு கேட்டு வேண்டும் என்றார். அவர் சொன்ன அளவுக்கே என் வீட்டுக்காரர் பட்டையை வெட்டத் தொடங்கினார். எனக்கு என்னவோ உறுத்தியது. விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்கை உருவி, பட்டறைக்குப் பின்னால் நின்ற சீமைக்கருவேலில் முள் ஒடித்து, முள்ளையே ஆணியாகக் குத்தி, அந்தக் கேட்டை உள்ளங்கை அளவில் செய்து பார்த்தேன். பாதி மடங்கியதும் முட்டிக்கொண்டு நின்றது. இவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை மடக்கிப் பார்த்தார். கீலை நாலு விரற்கடை தள்ளி வைத்தார். கேட்டு வெண்ணெய் மாதிரி மடங்கியது. சம்சாரி இவர் கையைப் பிடித்துப் பாராட்டியபோது இவர் சொன்னார்: "சும்மாவா? ரெண்டு நாளா யோசிச்சுல்ல வச்சேன்."

நான் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பெயிண்டு கலக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு புதுமாதிரி வேலை எது வந்தாலும் என் கையில் ஈர்க்கும் முள்ளும் வந்துவிடும். இவரும் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் தலையாட்டினால் வெட்டுவார். ஆனால் அந்தப் பார்வையை வாடிக்கைக்காரர் யாரும் பார்த்ததில்லை. இவர் இல்லாத நேரம் யாராவது வந்தால், "ஆம்பளையாளு இல்லையாம்மா?" என்பார்கள். "என்ன வேலைன்னு எங்கிட்ட சொல்லுங்க" என்றால், "பரவால்ல, அவுக வரட்டும்" என்று எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் இவர் வாயைத் திறந்து என்னிடம் கேட்க வேண்டும்: "இது ஓடுமா?"

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கோயிலில் மாதா சப்பரக் கொட்டகையின் மரக்கதவைக் கரையான் தின்றுவிட்டது. புதுக்கதவு போடுவதில்தான் சிக்கல். கொட்டகை ஒரு குறுகலான முடுக்கைப் பார்த்து நிற்கிறது. திருவிழா அன்று கதவு திறந்ததும் மாதாவின் முதல் பார்வை தங்கள் பிள்ளைமேல் விழ வேண்டும் என்று சனம் கதவில் மூக்கு படுகிற மாதிரி நெருக்கியடித்து நிற்கும். ஆறடிக் கதவு வெளிப்பக்கம் வீசித் திறக்கும்போது வருஷா வருஷம் யார் காலாவது நசுங்கும், சண்டை வரும். ஷட்டர் போடலாம் என்றால், சுருள்கிற பெட்டி மேலே இடத்தை அடைத்துக்கொண்டு சப்பரத்தின் உச்சி இடிக்கும்.

இவருடைய சின்னையா மகன், எனக்குக் கொழுந்தன், பாலிடெக்னிக்கில் வாத்தியார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பும் வைத்திருந்தார். அவர் பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, வீசவே வீசாத கதவு ஒண்ணு நான் போட்டுத் தாரேன். செய்யிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஓட்டியும் காட்டிருவேன்" என்றார். செய்யப்போவது எங்கள் பட்டறை என்பதால் சாமியாரோடு நாங்களும் அந்த மாடிக்குப் போனோம்.

செருப்பைப் படியிலேயே கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கொழுந்தன் ஏதோ தட்டினார். திரையில் பச்சைக் கோடாக ஒரு கதவு. அதைத் தாங்கி, சுவரிலிருந்து நீளுகிற இரண்டு கைகள் சிவப்புக் கோடாக. மேலிருந்து எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. இன்னொரு தட்டுத் தட்டினார். கதவு கிளம்பியது. திரும்பவில்லை, வீசவில்லை. முகம் முடுக்கைப் பார்த்தபடியே முன்னால் வந்து, பக்கவாட்டில் நகர்ந்து, சுவரை ஒட்டிப் போய் நின்றது. இரண்டு கைகளும் ஜோடி மாடு மாதிரி ஒன்றாக வந்தன. மறுபடி திரும்பிப் போய் மூடிக்கொண்டது. எனக்கே கைதட்டலாம் போல இருந்தது.

"எப்படி?" என்றார் கொழுந்தன்.

"பிரமாதம்லே!" என்றார் என் வீட்டுக்காரர். "நாளைக்கே வெட்ட ஆரம்பிச்சிருவோம்."

"இன்னொரு தடவை ஓட்டுங்க கொழுந்தனாரே" என்றேன். ஓட்டினார். "மெதுவா." ஓட்டினார். "கிளம்புற இடத்துல நிறுத்துங்க." நிறுத்தினார்.

"இது ஓடாது" என்றேன்.

இவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். கொழுந்தன் சிரித்தார். "மதினி, கண்ணு முன்னாடி ஓடுதே! இன்னும் என்ன வேணும்?"

"கதவு மூடியிருக்கப்ப கை ரெண்டும் கதவோட ஒரே கோட்டுல படுத்திருக்கு. அங்கன இருந்து கிளம்புறப்ப ஒரு கை வெளிய போகும், இன்னொரு கை உள்ள போகும். சேர்ந்துதான் போகணும்னு இரும்புக்கு யாரு சொல்றது?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல?"

"கம்ப்யூட்டரா வந்து கதவைத் தொறக்கும்? கோயில் உபதேசியாருல்ல தொறப்பாரு."

சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "சண்டை வேண்டாம். சின்னதா ஒரு மாதிரி செஞ்சு பாருங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் வந்து பாக்கேன்" என்று எழுந்தார்.

படியிறங்கும்போது இவருக்குக் கோபம். "படிச்சவன் முன்னாடி மானத்தை வாங்குற. மாதிரி ஓடிருச்சுன்னா இனி வெளியாளு முன்னாடி நீ வாயத் தொறக்கக்கூடாது."

"ஓடலேன்னா?"

"ஓடலேன்னா எந்த வேலைக்கும் உன்னைக் கேட்டுட்டுத்தான் வெல்டிங் ராடைத் தொடுவேன். ஊர் பாக்கக் கேக்கேன், போதுமா?"

கொழுந்தன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவர், "நான் சாட்சி மதினி!" என்றார்.

அன்றைக்கே ஈர்க்கும் முள்ளும் எடுத்து உட்கார்ந்தேன். கதவுக்கு ஒரு ஈர்க்கு, கைகளுக்கு இரண்டு, பலகையில் குத்தி வைத்துத் தள்ளினேன். ஓடியது! மறுபடி தள்ளினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது, திரையில் ஓடிய மாதிரியே. பத்துத் தடவை ஓட்டியிருப்பேன், ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.  இவர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார். சனிக்கிழமை முழுக்க நான் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்டு அடித்தேன். இனி காலம் முழுக்கப் பெயிண்டு டப்பாதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்தார். கொழுந்தன் தன் பெண்டாட்டியோடு வந்தார். அவள் வரும்போதே ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கி வந்தாள். எல்லாரும் பலகையைச் சுற்றி நின்றோம். ஒளிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நானே இரண்டு விரலை வைத்துத் தள்ளிக் காட்டினேன். ஓடியது.

"பாத்தீகளா மதினி!" கொழுந்தன் இவர் தோளில் தட்டினார். இவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"அழகா இருக்கே அக்கா, நானும் தள்ளிப் பாக்கட்டா?" என்றாள் கொழுந்தன் பெண்டாட்டி. இடக்கை நிறையச் சேவு. வலக்கையின் ஒற்றை விரலால் கதவின் ஒரு ஓரத்தைத் தொட்டுத் தள்ளினாள்.

கதவைத் தாங்கிய ஈர்க்குக் கைகளில் ஒன்று வெளியே வந்தது. மற்றது உள்ளே போனது. கதவு குறுக்கே திருகிக்கொண்டு நின்றுவிட்டது.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணல!" என்று அவள் கையை உதறியதில் சேவு சாமியார் அங்கியெல்லாம் சிந்தியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் இரண்டு விரலை, இரண்டு கைகளுக்கும் நேராக வைத்துத் தள்ளியிருக்கிறேன். ஓடாது என்று சொன்ன வாய் ஒரு பக்கம் இருக்க, பழகிப்போன விரல் அதை ஓட்டிவிட்டிருக்கிறது. கம்ப்யூட்டரும் அப்படித்தான், இரண்டு கையையும் சேர்த்தே நகர்த்துகிறது. கதவைத் திறக்கிறவன் ஒரு ஓரத்தைத்தான் பிடிப்பான்.

"இன்னொரு தடவை தள்ளு தாயி" என்றேன். தள்ளினாள். திருகியது. கொழுந்தன் தள்ளினார். திருகியது. சாமியாரும் ஒரு விரலால் தள்ளினார். மாதா கொட்டகைக் கதவு சாமியாருக்கும் திறக்கவில்லை. கொழுந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு, தோற்ற ஆள் மாதிரியே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எம் பொண்டாட்டியே கவுத்துட்டாளே!"

"கை முழுசாப் படுக்கக் கூடாது" என்றேன். "கொஞ்சம் எந்திரிச்சு இருக்கும்போதே முட்டுக் கொடுத்து நிறுத்திரணும். மூடினாலும் சரி, தொறந்தாலும் சரி." இரண்டு முள்ளை முட்டாகக் குத்தினேன். அவள் ஒற்றை விரலால் தள்ளினாள். இந்தத் தடவை ஜோடி பிரியாமல் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே கொழுந்தன் முட்டு வைத்த கதவை எங்களுக்கும் சாமியாருக்கும் திரையில் ஓட்டிக் காட்டினார். "இப்பச் சொல்லுங்க மதினி."

"ஓடும். ஆனா இது ஆளில்லாத ஊருக் கதவு. சனத்தையும் வரைங்க."

கதவுக்கு வெளியே நெருக்கமாக வட்டம் வட்டமாகத் தலைகளை வரைந்தார். தட்டினார். கதவு முன்னால் வந்து முதல் வரிசைத் தலைகள் மேல் ஏறி இறங்கிப் போய் நின்றது. சாமியார், "சர்வேசுரா!" என்றார்.

"பின்னால தள்ளி நிக்கச் சொல்லுவோம்" என்றார் இவர்.

"நம்ம சனம் நிக்குமா? வெளிய ஆளு நிக்குது, உள்ள சப்பரம் நிக்குது. சப்பரத்துக்குச் சக்கரம் இருக்கு, மூணடி பின்னால தள்ளி வைக்கலாம். ஆளைத் தள்ள முடியாது. கதவை உள்பக்கமாப் போகவிடுங்க. கொட்டகை உள்ள பக்கவாட்டுல அகலம் கிடக்குல்ல?"

 கொழுந்தன் படத்தை அப்படியே உள்பக்கமாகப் புரட்டினார். கதவு உள்ளே போய், பக்கவாட்டில் ஒதுங்கியது. ஒரு தலைகூட நசுங்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று வெல்டிங் மிஷினைக் கோயிலுக்கே கொண்டுபோய் வேலை செய்தோம். கைகளைச் சுவரில் பொருத்துகிற அன்று கோயில் கமிட்டிக்காரர்கள், உபதேசியார், பூக்கட்டுகிற பெண்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. இவர் ராடைக் கையில் எடுத்தார். பற்றவைக்கவில்லை. வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தா, இது ஓடுமா?" என்றார்.

இத்தனை வருஷம் காத்திருந்த சொல். பூரித்துப் போவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முதலில் வந்தது பயம். அதுவரை ஒரு கதவு ஓடாமல் போனால் இவர் பெயர் கெடும். இனி என் பெயர். நான் நடந்து போய் முட்டு இரண்டையும் கையால் தட்டிப் பார்த்தேன். அளவுக்கயிற்றை இன்னொரு தடவை பிடித்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

"ஓடும். வைங்க" என்றேன்.

பொறி பறந்தது.

திருவிழா அன்று, வெயில் சாய்ந்த நேரம், முடுக்கில் கால் வைக்க இடமில்லை. கொழுந்தன் பெண்டாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். என் மூக்குக்கும் நான் அடித்த நீலப் பெயிண்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. உள்ளேயிருந்து உபதேசியார் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது.  கதவு என் முகத்துக்கு முன்னாலிருந்து ஓசையில்லாமல் பின்வாங்கியது. யாரும் நகரவில்லை, யார் காலும் நசுங்கவில்லை. பின்வாங்கி, ஒதுங்கி, உள்சுவரோரம் போய் முட்டில் 'டொக்'கென்று நின்றது. வேட்டுப் போட்டார்கள். பிள்ளைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். "மரியே வாழ்க!" என்று முடுக்கே அதிர்ந்தது.

சப்பரம் என்னைத் தாண்டிப் போய்த் தெருமுனையில் திரும்பியது. இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் பூ.

"முதல் வரிசையில நின்னியே, மாதா மொகத்தைப் பாத்தியா?"

நான் திருதிருவென்று விழித்தேன். சப்பரம் தாண்டிப் போகும்வரை கதவைத் தாங்கிய அந்த இரண்டு கைகளைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

"அடுத்த வருசம் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வேட்டுச் சத்தமே அமுங்கிப்போனது.